தண்ணீரிலிருந்து பார்த்த பங்களா

"ஏட்டி, நீ படிச்சு என்னத்தப் பாத்துச் சொல்லப் போற?" என்று தண்டல் தாத்தா என்னைக் கேட்டபோது எனக்குப் பதினொரு வயது. கையில் விளக்குச் சிம்னி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு நல்லதாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சிம்னியைத்தான் இன்னொரு தரம் துடைத்தேன். எங்கள் கரையில் தண்டல் என்றால் படகுக்குத் தலைவர். அவர் சுக்கான் பிடிப்பார். மற்றவர்கள் துடுப்புப் போடுவார்கள். இந்தத் தாத்தா அங்கிருந்த தண்டல்களுக்கெல்லாம் மூத்தவர். அவர் கேட்டால் கடலே கேட்ட மாதிரி.

பக்கத்தில் நின்ற என் அப்பாவைப் பார்த்து, "பாளையங்கோட்டைக்கு அனுப்பப் போறீராமே வே? ரெண்டு மாசத்துல மூக்கச் சிந்திக்கிட்டு வந்து நிக்கும், பாத்துக்கிடும்" என்றார். அப்பா சிரித்து மழுப்பினார்.

என்னோடு ஒரே விடுதியில் படுத்து, ஒரே மணிக்கு எழுந்து, ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்த சகோதரிகளே, அங்கே நீங்கள் என்னைப் "பங்களாக்காரி" என்று கூப்பிட்டீர்கள். கடலும் ஆறும் சேரும் இடத்தில் வண்ணக் கண்ணாடி வைத்த மாளிகையில் வளர்ந்தவள் என்று நான் சொன்னதை நம்பினீர்கள். நான் பொய் சொல்லவில்லை. அந்த மாளிகையின் காவல்காரர் மகள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அப்போது அது என் கர்வம். இப்போது அதைச் சொல்லிவிடுவதுதான் என் கர்வம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஒருவரும் தம் பெயரைத் தம் கையால் எழுதியதில்லை.

அந்தப் பங்களாவைப் பற்றிச் சொல்கிறேன். பழைய மகாராணி காலத்தில் கப்பல் வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரர் தம் ஊர் மாதிரியே கட்டிக்கொண்டது. மாடி வீடு. கூரை செங்குத்தாக ஏறி முக்கோணமாக முடியும். கூரை விளிம்பு முழுக்க மரத்தில் பின்னல் வேலை. சன்னல் ஒன்று சுவரை விட்டு வெளியே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதன் மேல்வரிசையில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணாடிகள். காலை வெயிலில் தரையில் விழும் அந்த நிறங்களில் கால் வைத்தால் சுடுமா என்று சின்ன வயதில் பைய வைத்துப் பார்ப்பேன். கூடத்துச் சுவரில் குளிர் காய ஒரு கணப்பு அடுப்பு கட்டியிருந்தார்கள். எங்கள் ஊர் வெயிலில் அதில் யார் தீ மூட்டுவது? உப்பு இலாகா அந்த வீட்டை வாங்கியபின் ஒரு துரையும் அதைத் தொடவில்லை. எங்கள் கோழி அதில் முட்டையிட்டு அடை காத்தது.

வீடு செம்மண் மேட்டில் நின்றது. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் தேரி; சிவந்த மணற்காடு, இடையிடையே பனை. முன்னால் தாமிரபரணி அகன்று, சோம்பி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நாலாகப் பிரிந்து கடலுக்குள் போகும். மழைக்காலத்தில் சேரன்மகாதேவி வயல்களின் வைக்கோல்கூட எங்கள் வாசல் வரை மிதந்து வரும். ஆற்றுக்கும் எங்களுக்கும் நடுவே கரையில் மாதா கோவில். அதன் சிலுவை எங்கள் மாடிக்குச் சற்றுத் தாழ்வாகத் தெரியும்.

அப்பா உடன்குடிப் பக்கத்துக்காரர். பனையேறிய குடும்பம். காலில் அடிபட்டு மரம் ஏற முடியாமல் போன பிறகு மிஷன் பாதிரி ஐயர் சொல்லி இந்தக் காவல் வேலை கிடைத்தது. கடலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மீன் முள்ளை எடுக்கவே ஊருக்கு வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் பழகினார் என்று அம்மா கேலி செய்வாள். அம்மா பங்களாவைப் பெருக்கித் துடைப்பாள். ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடித்த நான், மாலையில் மாடிக்குப் போய் விளக்குச் சிம்னிகளைச் சாம்பல் போட்டுத் துடைப்பேன். பத்தொன்பது சிம்னி. ஒன்றுகூட நான் உடைத்ததில்லை.

மாடியில் கடலைப் பார்த்து ஒரு வட்டச் சன்னல் உண்டு. துடைத்துக்கொண்டே அதன் வழியாகப் படகுகள் திரும்புவதைப் பார்ப்பேன். வெளியே அலை உடையும் இடத்தில் மணல்திட்டுகள் தண்ணீருக்கடியில் கிடக்கும். மழைக்காலத்து மண்தண்ணீரில் ஒரு திட்டும் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் எங்கிருந்தோ வரும் படகுகள் எல்லாம் அலைக்கு அப்பால் ஒரே இடத்துக்கு வந்து, அங்கே திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றுக்குள் நுழையும். நூல் கோத்த மாதிரி இருக்கும். தண்ணீருக்கடியில் ஒரு ரோடு போட்டிருக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் புரட்டாசியில் புதுத் துரையும் துரைசானியும் வந்தார்கள். துரை பாதி நாள் உப்பளங்களைச் சுற்றப் போய்விடுவார். துரைசானி மாடியில் உட்கார்ந்து படம் வரைவார். முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். முதல் நாள் என்னைப் பார்த்து, "சிறுமியே, நீ யாது செய்கின்றாய்?" என்றார். பாடப்புத்தகம் வாய் திறந்து பேசினது போல இருந்தது. எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. நானும் புத்தகத் தமிழில், "விளக்குகளைத் துடைக்கின்றேன், அம்மணி" என்றேன். கீழே வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அவர் மேசைப் புத்தகங்களைப் புரட்டுவதை அவர் பார்த்தார், திட்டவில்லை. ஒருநாள் அப்பாவை அழைத்து, கிறிஸ்துமஸ் கழிந்து இவளைப் பாளையங்கோட்டை விடுதிப் பள்ளியில் சேர்க்கலாம், நான் கடிதம் எழுதுகிறேன் என்றார். அப்படி ஒரு கடிதம் இல்லாமல் காவல்காரன் மகளுக்கு அங்கே இடம் கிடைக்காது என்று எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சு அந்தக் கடிதம்தான். அப்பா எனக்கு ஒரு சட்டம் போட்டார்.

"காயிதம் கைக்கு வார வரைக்கும் துரைசானி மனசு கோணப்பிடாது. அவுக என்ன சொன்னாலும் சரிங்கணும். வாயத் தொறந்த, எல்லாம் போச்சு."

வருஷாவருஷம் மழைக்கு முன்னால் பங்களாவின் கடற்பக்கச் சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். உப்புக் காற்று சுவரைத் தின்றுவிடும் என்பதற்காகத்தான் என்று அப்பா நினைத்தார். அந்த வருஷம் துரைசானி, "வெள்ளை வேண்டாம். சிவப்பு" என்றார். அவர் மேசைமேல் ஒரு புகைப்படம் இருக்கும். சட்டத்தைத் துடைக்கும்போதெல்லாம் பார்ப்பேன். ஒரு ஆற்றின் முகத்தில் இதே மாதிரி கூர்க் கூரையுள்ள வீடு. வாசலில் ஒரு வயதான அம்மாள். அது அவர் பிறந்த வீடு, செங்கல் வீடு, சிவப்பு நிறம், இந்த வீட்டையும் வரைந்து அம்மாவுக்கு அனுப்பப் போகிறேன் என்று எனக்குச் சொல்லியிருந்தார். படத்தில் சிவப்பு தெரியவில்லை. சொல்லும்போது அவர் குரலில் தெரிந்தது.

அப்பா பேட்டையிலிருந்து காவிக்கல் வரவழைத்து அரைத்து அடித்தார். சுவர் நான்கும் சிவப்பு. துரைசானி கீழே இறங்கி வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையில் ஒட்டின சிவப்பைத் துடைக்காமலே மேலே போனார்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. ஒரு தண்டல் கூடை நிறைய நண்டு கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார். சுற்றிலும் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஆயிரம் சொல்லும், பங்களாவுக்கு வெள்ளதான் லெச்சணம்" என்றார். மறுநாள் இன்னொருவர் வந்தார். "செவப்பு வெயில இழுக்கும் வே. துரைசானி மேலுக்கு ஆகாது" என்று வருத்தப்பட்டார். மூன்றாம் ஆள் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து, தம் கண் கூசுகிறது என்றார்.

"இம்புட்டு வருசமா இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதவனுவ. இப்பம் திடீர்னு அழகு பாக்கக் கண்ணு வந்துட்டுதா?" என்றார் அப்பா.

"வரட்டும். நண்டு நல்லாத்தான இருந்துது" என்றாள் அம்மா.

நான் சிரிக்கவில்லை. வட்டச் சன்னலில் நூல் அறுந்து போயிருந்தது. படகுகள் அலைக்கு அப்பால் வந்து நின்றன. ஒன்று வடக்கே போய்த் திரும்பி வந்தது. ஒன்று கயிற்றில் ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்த்தது. ஏற்றத் தண்ணீர் வரும்வரை வெளியிலேயே கிடந்து ஆடின. உள்ளே வரும் ஒவ்வொரு படகும் குருடர் வாசற்படியைத் தடவுவதுபோல வந்தது.

கார்த்திகையில் ஒரு நாள், வெளிச்சம் மங்கும் நேரம், தண்டல் தாத்தாவின் படகு திட்டில் ஏறியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். படகு மணலில் குறுக்காக நின்றது; அடுத்த அலை அதைக் கவிழ்த்தது. எல்லோரும் நீந்திக் கரையேறினார்கள். தாத்தாவின் மருமகன் கால் மட்டும் படகுக்கும் மணலுக்கும் நடுவே மாட்டி ஒடிந்தது. மருந்து இருக்கும் ஒரே இடம் என்று பங்களாவுக்குத்தான் தூக்கி வந்தார்கள். துரைசானி தாம் படம் வைத்து வரையும் பலகையை இரண்டாக உடைத்து அவர் காலுக்கு அணை கொடுத்துக் கட்டினார். மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டார்.

தாத்தா வாசலில் தண்ணீர் சொட்ட நின்றார். அவர் மருமகன் காலைப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து எங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"தாத்தா, மேல வெள்ள இல்லாததுனாலதான?"

என் கையை இறுக்கிப் பிடித்தார். "யாருட்டி ஒனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல. சன்னல் வழியாப் பாத்தேன். எல்லாப் படகும் ஒரே எடத்துலதான் திரும்பும். இப்பம் திரும்பல."

யாரும் காது கொடுக்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னார். கடலிலிருந்து வரும்போது மாதா கோவில் சிலுவைக்கு நேர் மேலே பங்களாவின் வெள்ளை முக்கோணம் வர வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் அதுதான் ஆழமான வழி. இப்படிக் கரையில் அடையாளம் வைத்து இடம் பார்ப்பதைக் கணியம் என்பார்கள். கணியத்தை வெளியே சொல்வது எங்கள் கரையில் பெரிய பாவம்.

"இது எங்கப்பன் சாகக் கெடக்கும்போது எங்காதுல மட்டும் சொன்னது. எங் குடும்பத்துச் சொத்து. நீ வெளிய விட்ட, என் வயித்துல அடிச்ச மாதிரி" என்றார். மாதாவின் மேல் ஆணை வாங்கிக்கொண்டார். நாங்கள் வேதத்தில் வேறு சபை. ஆனாலும் ஆணை ஆணைதான்.

அப்படியாக என் வாய்க்கு இரண்டு பூட்டு. வீட்டில் அப்பாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "ஐயா, நாம திரும்ப வெள்ள அடிச்சா என்ன?" சோற்றில் கை வைத்தபடியே அவர் என்னைப் பார்த்தார். "அது அவுக அம்மா வீட்டு நெறம் பிள்ள. அத அழிக்கச் சொன்னா காயிதமா தருவாக?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நானும் அந்தப் புகைப்படத்தைத் துடைத்தவள்தானே. எட்டு நாள் பேசாமல் இருந்தேன். அந்த எட்டு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கம். பள்ளிக்கூடம் போக வேண்டும் என்ற ஆசை அவ்வளவு இருந்தது.

ஒன்பதாம் நாள் காற்று. வெளியே ஏழு படகு. ஒன்றுகூட உள்ளே வரத் துணியவில்லை. கரையில் பெண்கள் நின்றார்கள். கூப்பிட்டால் கேட்காத தூரம் என்று தெரிந்தும் சிலர் கூப்பிட்டார்கள். நான் துடைத்த சிம்னியை வைத்துவிட்டுத் துரைசானி மேசைக்குப் போனேன். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போகவில்லை. போன பிறகுதான் வந்தது.

"அம்மணி, உங்கள் அம்மாவுக்கு வீட்டுப் படம் அனுப்பப் போவதாகச் சொன்னீர்களே. அதை இங்கிருந்து வரைய முடியாது. தண்ணீரிலிருந்து பார்க்க வேண்டும்."

அவர் தூரிகையை வைத்தார். "ஏன்?"

"பார்த்தால் தெரியும்" என்றேன். கணியத்தைச் சொல்லவில்லை. ஆணையை மீறவும் இல்லை.

ஏழு படகும் நடு இரவுக்குள் ஏற்றத் தண்ணீரில் ஒருவாறு வந்து சேர்ந்தன. இரண்டு நாள் கழித்துக் காற்று அடங்கினபின், துரைசானி தண்டல் தாத்தாவின் செப்பனிட்ட படகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். படம் வரையும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் அவர் காலடியில். கரையில் அப்பா நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. பகல் நேரம், ஏற்றத் தண்ணீர், ஆகையால் பயமில்லாமல் வெளியே போனோம். அலை தாண்டியதும் தாத்தா படகைத் திருப்பி நிறுத்தினார்.

துரைசானி கரையைப் பார்த்தார். சிலுவை தெரிந்தது. பனைகள் தெரிந்தன. சிவந்த தேரி நீளக் கிடந்தது. தூரக்கண்ணாடியை எடுத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"என் வீடு எங்கே?" என்றார்.

"அங்கனதான் இருக்கு" என்றேன். புத்தகத் தமிழ் மறந்து போயிற்று.

சிவப்புத் தேரிக்கு முன்னால் சிவப்புச் சுவர். அத்தனை பெரிய வீடு மணலுக்குள் கரைந்து போயிருந்தது. வண்ணக் கண்ணாடி ஒன்று ஒரு நொடி மின்னி, இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அணைந்தது. துரைசானி தூரக்கண்ணாடியை மடியில் வைத்தார். பிறகு தாத்தாவிடம் திரும்பினார்.

"மாலுமியே, முன்பு நீர் எதைக் கண்டு வழி அறிந்தீர்?"

தாத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், நான் சொல்லவில்லை என்று. அவர் கடலைப் பார்த்தார், கட்டுப்போட்ட மருமகனை நினைத்தாரோ என்னவோ, துடுப்புக்காரர்களைப் பார்த்து, "லே, எல்லாரும் காதப் பொத்திக்கிட்டுத் தெக்க பாருங்க" என்றார்.

துடுப்புப் போட்டவர்களில் ஒருவர் அவருடைய தம்பி மகன். அவர் தெற்கே பார்க்கவில்லை. "எதுக்குப் பெரியப்பா? சிலுவைக்கு மேல வெள்ள. அதத்தான சொல்லப் போறிய?"

"ஒனக்கு எவன்லே சொன்னான்?"

"எங்கப்பா. சாகும்போது. எங்காதுல மட்டும்னுதான் சொன்னாரு."

அணியத்தில், படகின் முன்முனையில், இருந்த ஒருவர் பையத் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு மாமனார் சொன்னாரு. நாங்க அதக் கொக்குன்னு சொல்லுவோம்."

"நாங்க பால்சட்டி" என்றார் அவர் பின்னால் இருந்தவர்.

தாத்தா சுக்கானை விட்டுவிட்டார். "அப்பம் இத்தன வருசமா நீங்கள்லாம்..."

"நீரு முன்னால போறீரு, நாங்க எங்க படகுல எங்க கணியத்துல வாரோம். ஒம்மப் பாத்துத்தான் பின்னால வாரோம்னு நீரு நெனச்சிருப்பீரு" என்றார் தம்பி மகன்.

"ஆமலே, அப்படித்தான் நெனச்சேன்" என்றார் தாத்தா. படகு முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. தம் அப்பன் விட்டுப்போன சொத்து ஊர்ச்சொத்து என்று அந்த நொடிதான் அவருக்குத் தெரிந்தது. ஆளாளுக்குப் பொத்தி வைத்திருந்ததால்தான் ஒருவரும் வந்து வாய் திறந்து கேட்கவில்லை. நண்டும் கருவாடுமாகச் சுற்றி வந்தார்கள்.

துரைசானிக்கு அந்தப் பேச்சில் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் புரிய வேண்டியது புரிந்தது. பெட்டியைத் திறக்கச் சொல்லி, அங்கேயே ஆடும் படகில் உட்கார்ந்து வரைந்தார். சிலுவை, பனை, தேரி, தண்ணீர். வீடு மட்டும் இல்லை. காய்ந்ததும் என்னிடம் கொடுத்தார். வீடே இல்லாத அந்த வீட்டுப் படத்தை உங்களில் சிலர் என் பெட்டியில் பார்த்திருக்கிறீர்கள். இது என்ன படமடி என்று கேட்டீர்கள். பிறகு அதைக் கறையான் அரித்துவிட்டது.

அன்று மாலை அப்பா சாப்பிடவில்லை. "காயிதம் போச்சு" என்று ஒரு தரம் மட்டும் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

காலையில் துரைசானி இறங்கி வந்தார். கடல் பார்த்த சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொன்னார். அப்பா உயிர் வந்தவர் மாதிரி தலையாட்டினார். "மற்றவற்றுக்கும் அப்படியே. பின் சுவர் மட்டும் சிவப்பாகவே இருக்கட்டும். அதைப் படகுகள் பார்ப்பதில்லை" என்றார். அவர் படுக்கையறைச் சன்னல் அந்தப் பக்கம்தான். தோட்டத்தில் உலாவும்போது அவர் கண்ணில் படுவது அந்தச் சுவர்தான்.

சுண்ணாம்புக்குச் சிப்பி வாங்க வேண்டியிருக்கவில்லை. கரையிலிருந்து கூடை கூடையாக வந்தது. காளவாயில் சிப்பி வெந்த அந்த மணம், கடலையும் நெருப்பையும் ஒன்றாகச் சேர்த்தது போல, இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தண்டல்கள் வரிசையாக நின்று, கொக்கா பால்சட்டியா என்று சண்டை போட்டுக்கொண்டே வாளி தூக்கினார்கள். மூன்றாம் நாள் மாலை நான் மாடியில் சிம்னியோடு நின்றேன். படகுகள் வந்தன, ஒரே இடத்தில் திரும்பின, நூல் கோத்துக்கொண்டு நுழைந்தன.

கிறிஸ்துமஸ் கழிந்து, அப்பா கடிதத்தைப் பற்றிக் கேட்கலாமா வேண்டாமா என்று திணறிக்கொண்டிருந்தபோது, துரைசானி, "இவள் இன்னும் ஏன் புறப்படவில்லை?" என்றார். அவ்வளவுதான். நான் புறப்பட்டேன். இரண்டு மாதத்தில் அழுதேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஓடிப் போகவில்லை என்பதும் தெரியும்.

அந்தக் கடிதத்தை நான் கண்ணால் பார்த்தது போன வருஷம்தான். ஆசிரியைப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கப் போனபோது, என் பழைய காகிதக் கட்டு மேசைமேல் இருந்தது. பார்க்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நாலே வரி. அடுத்தவர் வீட்டுப் புத்தகங்களை வாசனை பிடித்துப் பார்க்கும் பெண் இவள், வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் நல்லது என்று இருந்தது. மேலே தேதி. அது புரட்டாசிக்கு நேரான ஆங்கில மாதத் தேதி. சுவருக்குச் சிவப்பு அடிப்பதற்கு முன்பே, எழுதுகிறேன் என்று சொன்ன அதே வாரத்தில், கடிதம் தபாலில் போயிருக்கிறது.

நாங்கள் அத்தனை நாள் வாயைப் பூட்டிக்கொண்டு காத்தது, ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட ஒன்றுக்காக. சொன்னால் செய்தாயிற்று என்பது அவர் வழக்கம். அதை மறுபடி எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பெரியவர்களிடம் ஒரு தரம் கேட்டதை இரண்டாம் தரம் கேட்பது மரியாதை இல்லை என்பது எங்கள் வழக்கம். இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள்தான். நடுவில் ஒருவர் கால் ஒடிந்தது. அதை நினைத்தால் வருத்தம். அந்த மேசைக்கு நடந்துபோன பிள்ளையை நினைத்தால், சொல்லிக்கொள்கிறேனே, பெருமை. துரைசானி அடுத்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டார். தம் அம்மா வீட்டு நிறத்தை ஒரு காலை நேரத்தில் விட்டுக்கொடுத்த அவருக்கு நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. புத்தகத் தமிழில்கூடச் சொல்லவில்லை.

பங்களா இப்போது காலி. இலாகா தூத்துக்குடிக்கே போய்விட்டது. அப்பா மட்டும் சாவிக்கொத்தோடு அங்கே இருக்கிறார். நான்கு வருஷமாக யாரும் சுண்ணாம்பு அடிக்காமல் முன்சுவர் பாசி பிடித்துக் கிடந்தது. கீழ்க் கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்த அனுமதி கேட்டு நான் எழுதினேன். கீழே என் பெயரை எழுதினேன். பதில் வரத் தாமதமானபோது இரண்டாம் தரமும் எழுதினேன். மூன்றாம் தரமும் எழுதினேன். அனுமதி வந்தது.

போன வாரம் சிப்பி வேகவைத்து முன்சுவருக்கு வெள்ளை அடித்தோம். தண்டல் தாத்தாவுக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. ஆனாலும் கடலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தார். நொண்டி நடக்கும் மருமகன் சுக்கான் பிடிக்க, அவரை ஏற்றிக்கொண்டு அலை தாண்டிப் போனோம். படகைத் திருப்பினதும் அவர் முகத்தைக் கரைப்பக்கம் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல பிள்ள. நீ பாத்துச் சொல்லு" என்றார்.

"தெரியுது தாத்தா. சிலுவைக்கு நேர் மேல. பால்சட்டி மாதிரி."

"கொக்கு" என்றார் மருமகன்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறோம். ஒன்பது பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தாத்தாவின் பேத்தி ஒருத்தி. கணப்பு அடுப்பிலிருந்து கோழியை இறக்கிவிட்டு அதில் சிலேட்டுகளை அடுக்கிவிட்டேன். மீதி இருந்தது ஒரு வேலைதான். காவிக்கல்லை நானே அரைத்து, ஏணி போட்டு, நேற்று மாலைக்குள் பின் சுவருக்குச் சிவப்பு அடித்து முடித்தேன். கையில் ஒட்டியது இன்னும் போகவில்லை. இந்தக் காகிதத்தின் ஓரத்தில் அது பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.